இரண்டு மில்லிமீற்றர்

வாக்குப் பெட்டிகள் வெல்லாவெளிக்குப் போகிற காலை.
நாலு மணி. களுவாஞ்சிகுடி ஸ்டேசனில்
ஆயுத அறைக் குழல் விளக்கு
எரிவதா வேண்டாமா என்று கண் சிமிட்டுகிறது.
கம்பிச் சன்னலுக்கு இந்தப் பக்கம்
நான், பதிவேடு, சிவப்புப் பேனா, ஆறிய பிளேன்டீ.
அந்தப் பக்கம் நுளம்பு அடித்துக்கொண்டு பதினாலு பேர்.

பிஸ்டல் இலக்கம் வாசிக்கிறேன்.
குழலில் வெட்டிய எழுத்தை வாசிக்கிறேன்.
பெட்டியை நம்புவதில்லை.
பெட்டி வெறும் மட்டை,
எவரும் எதையும் போட்டு மூடலாம்.
ரவையைக் கவிழ்த்து
அடியில் குத்தியிருக்கிற எழுத்தைப் பார்ப்பேன்,
ஒவ்வொன்றாக,
பயறில் கல் பொறுக்குகிற மாதிரி.

ஒன்பது மில்லிமீற்றர் யார் என்று கேட்டால்
மூன்று பேர் கையைத் தூக்குவார்கள்.
பத்தொன்பது நீளக் கோது ஒருவன்,
பதினெட்டு ஒருவன், பதினேழு ஒருவன்.
பேர் ஒன்று, குடி வேறு.
பேரை மட்டும் கேட்டுச் சம்பந்தம் பேசுவார்களா
எங்கள் பக்கத்தில்?

இருபத்தேழாவது ரவை
விரலிடையில் கொஞ்சம் குட்டையாக நின்றது.

"என்ன புள்ள நிண்டுட்டாய்?"
சார்ஜன்ட் கிருபைரெட்ணம். வெளியில் வேன் உறுமுகிறது.
"அதுவும் ஒம்பதுதானே. உள்ள போகுதுதானே."

உள்ளே போகும் சேர். அதுதான் பயம்.
போகாத ரவை யாரையும் கொல்லாது.
இது போய்ப் படுக்கும்.
வெடித்தாலும் மெலிந்து வெடிக்கும்,
சன்னம் பாதிக் குழலில் சிக்கிக் கிடக்கும்.
சத்தம் குறைவென்று சுட்டவன் யோசிக்க மாட்டான்,
இன்னொருதரம் இழுப்பான்.
பின்னால் வருவது முன்னால் கிடப்பதில் இடிக்க
சிதறுவது
எதிரில் நிற்பவனின் கை அல்ல.

கொக்கி ஒன்று மாறினால் ரவிக்கை கோணும்,
இங்கே விரல் போகும்.
இதைச் சேருக்குச் சொல்லவில்லை.

வவுணதீவில் எட்டு வயதில்
காவலரணுக்குப் பின்னால் பொறுக்கிய வெற்றுக் கோதுகளை
உதட்டில் வைத்து ஊதுவோம்,
நானும் பவளகாந்தனும்.
நீளமானது தடித்துக் கூவும்,
குட்டை கீச்சிடும்.
கண்ணை மூடிக்கொண்டு எது எதுவென்று சொல்வதில்
அவன் என்னை வென்றதே இல்லை.
யாரை நோக்கிச் சுட்டதென்று
நாங்கள் கேட்டதில்லை.
அந்த விளையாட்டில் அந்தக் கேள்வி இருக்கவில்லை.

குட்டையைத் தனியாக ஒரு பால்மா டின்னில் போட்டு
துண்டு எழுதி ஒட்டினேன், சிங்களத்தில்.
மிச்சத்தையும் முதலிலிருந்து கவிழ்த்துப் பார்த்தேன்.
சார்ஜன்ட் மணிக்கூட்டைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
பிறகு தன் பிஸ்டலில் ஏற்றியிருந்ததைக் கழற்றி
ஒன்றும் பேசாமல்
என் மேசையில் வரிசையாகக் கவிழ்த்து வைத்தார்.

டின்னில் கிடப்பதற்கும்
எங்கேயோ பொருத்தமான துவக்கு ஒன்று இருக்கும்.
நான் தேடப் போவதில்லை.

வேன் போயிற்று.
பதிவேட்டில் அந்தப் பெட்டிக்கு
ஐம்பது என்று எழுதிக் கிடந்தது.
வெட்டி, நாற்பத்தொன்பது என்று போட்டு
பக்கத்தில் கையெழுத்து வைத்தேன்.
பிளேன்டீயில் எறும்பு.