மற்றவை

விடுப்புப் படிவத்தில் ஆறு கட்டங்கள்.
முதுகு. தோள். மணிக்கட்டு. முழங்கால். காய்ச்சல்.
கடைசியில், தாளின் விளிம்பில் விழப்போவதுபோல்,
மற்றவை.

ஹல்வார்துர் அதில்தான் குறியிட்டிருந்தான்.
குறி என்றுகூடச் சொல்ல முடியாது.
பேனா கட்டத்துக்குள் போகத் தயங்கி
வெளியே கொஞ்ச நேரம் நின்றிருந்தது.

ஐஸ்லாந்தின் மேற்குக் கரையில்
மீன் ஆலையொன்றில் பணி அட்டவணை போடுகிறவள் நான்.
யார் கத்தி வரிசையில், யார் பெட்டி கட்ட,
யாருக்கு யாரோடு ஆகாது,
எல்லாம் தெரியும் என்றிருந்தேன்.
காட் மீனின் முள்ளை அவன் ஒரே இழுப்பில் எடுப்பதைப்
பதினேழு வருடம் பார்த்தவள்.

அக்டோபரில் ஒரு செவ்வாய்
கத்தியைக் கழுவித் துடைத்து உறையில் போட்டுவிட்டுக்
காருக்குள் போய் உட்கார்ந்தான்.
மூன்று மணிநேரம். வண்டி நகரவில்லை.
கண்ணாடியைத் தட்டியவள் போஷேனா,
போலந்துக்காரி. எங்கள் மொழியில் அவளுக்கு
எண்களும் மீன் பெயர்களும் வசவுகளும்தான் வரும்.
என்ன பேசினாளோ.
கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்,
ரப்பர் பூட்ஸோடு, செதிலோடு.

பதினொரு வாரம்.

லிகாயாவுக்குக் கால் ஒடிந்தபோது
மாவுக்கட்டில் இடமில்லாமல் கையெழுத்துப் போட்டோம்.
இவன் வீட்டு வழியே போகும்போது மட்டும்
எல்லோருக்கும் அவசரம்.
எனக்கும். எழுதித்தான் ஆக வேண்டும்: எனக்கும்.
விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொண்டே
கியரை மாற்றிக் கடந்திருக்கிறேன்.

ஜனவரியில் வந்தான்.
உணவறையில் பேச்சு நின்றது,
பிறகு யாரோ பனிப்புயலைப் பற்றி
தேவைக்கு மேல் சத்தமாக ஆரம்பித்தார்கள்.
அவன் ஏப்ரன் அதே ஆணியில் இருந்தது.
புதுப் பையன்கள் அங்கே மாட்டப் போனபோதெல்லாம்
போஷேனாவின் வசவு மட்டும் எனக்குக் கேட்டிருக்கிறது.

கையேட்டில் படித்த வாக்கியமொன்றை
மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.
வாயெடுத்தால்,
"கத்தியைச் சாணை பிடிக்கணுமா?" என்றுதான் வந்தது.
அவன் யோசித்தான்.
"அந்த மணியை நிறுத்த முடியுமா?"

பெட்டி நிறையும்போதெல்லாம் அலறுகிற மணி.
ஒரு நாளைக்கு நானூறு தடவை.
"நல்லா இருக்கறப்ப அது வெறும் மணி.
இல்லாதப்ப என்னைத்தான் கூப்பிடுது."

இருபது நிமிட வேலை.
மணியைக் கழற்றி மஞ்சள் விளக்கு மாட்டினார்கள்.
அன்று மாலை உன்னூர் வந்தாள், காது கேளாதவள்.
தாளில் எழுதிக் காட்டினாள்:
இத்தனை வருடம் பக்கத்திலிருப்பவர் முகம் சுளிப்பதை வைத்துத்தான்
பெட்டி நிறைந்ததைத் தெரிந்துகொண்டேன்.
கீழே ஒரு கோடு போட்டிருந்தாள்.
நன்றியா கோபமா, தெரியவில்லை.

மலைக்குப் பின்னால் இரண்டு மாதம் கிடந்த சூரியன்
திரும்பி வருகிற நாள். ஊரே
மெல்லிய அப்பம் சுட்டுக் காப்பி குடிக்கும்.
வரிசையை நிறுத்திவிட்டு வாசலில் நின்றோம்.
ஆறு நிமிடம். பாறை முகட்டில் வெண்ணெய்க் கீற்று.
கத்தினார்கள், கட்டிக்கொண்டார்கள்.
நான் அவன் முகத்தைப் பார்த்தேன்.
பார்த்ததைப் பார்த்துவிட்டான்.
"ஒண்ணும் தோணலை" என்றான்.

யாரும் தோளில் தட்டவில்லை.
யாரும் சரியாகிவிடும் என்று சொல்லவில்லை.
போஷேனா வானத்தைக் காட்டி
தனக்குத் தெரிந்த ஓர் எண்ணைச் சொன்னாள்:
"நாளை, பத்து."
அவன் அப்பத்தை மடித்து வாயில் போட்டு
சர்க்கரை கம்மி என்றான்.

படிவத்தில் முழங்காலுக்கும் காய்ச்சலுக்கும் நடுவே
பேனாவால் ஒரு கட்டம் வரைந்தேன்.
மனம் என்று எழுதி
அறுபது பிரதி எடுத்தேன்.
ஒன்று என் இழுப்பறையில் கிடக்கிறது,
பெயர் நிரப்பியாயிற்று, குறியும் போட்டாயிற்று,
தேதி மட்டும் போடாமல்.

அலுவலகக் கண்ணாடியில் யாரோ தட்டுகிறார்கள்.
செதில் ஒட்டிய விரல்.