ஆட்டைக் கடித்து, மாட்டைக் கடித்து

வியாழன் இரவு.
லம்ஸ்டனில் ஆலங்கட்டி மழை,
தகரக் கூரைமேல் யாரோ ஆணி மூட்டையை அவிழ்த்த மாதிரி.
ஸ்பிரிட் நனைத்த பஞ்சால்
சமையல் மேசையை இருமுறை துடைத்துவிட்டேன்.
மேசைக்கா ஊசி போடப்போகிறாய், என்கிறான் ஹெமி
அடுப்புக்குள் விறகைத் தள்ளியபடி.

பதினோரு வருடம்
ஆட்டுப் பட்டிதான் பிழைப்பு.
ஒரே நாளில் ஆயிரத்து இருநூறு செம்மறிகள்.
காதுக்குப் பின்னால் தோலைக் கூடாரமாய்த் தூக்கி
குத்து, எடு, அடுத்தது.
நடுவில் சாண்ட்விச் தின்றிருக்கிறேன், கை கழுவாமல்.
கன்று ஈன்று எழ முடியாமல் கிடந்த பசுவுக்கு
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
உறைபனியில் மண்டியிட்டு
கால்சியம் ஏற்றியிருக்கிறேன்.
கை நடுங்கியதில்லை.

இப்போது கட்டைவிரல் உயரத்தில் ஒரு குப்பி.
உள்ளே எண்ணெய்,
புது எஞ்சின் ஆயில் நிறம்.
அக்குளில் வைத்துச் சூடாக்கு,
குளிர்ந்தால் நகராது, என்று சொன்னவள்
கோர் கிளினிக் நர்ஸ் பெர்னடெட்.
ஆரஞ்சுப் பழத்தில் குத்திக் காட்ட எடுத்தவள்
என் கைகளைப் பார்த்துவிட்டு
பழத்தை உரித்துப் பாதியை நீட்டினாள்.

வலது தொடை. வெளிப்பக்கம்.
இவ்வளவு நேரம் இதை நான் பார்த்ததே இல்லை.
முள்கம்பி கிழித்த தழும்பு ஒன்று இருக்கிறது,
எந்த வேலி என்று நினைவில்லை.

எண்ணினேன்.
ஒன்று. இரண்டு. மூன்று.
மூன்றுக்குப் பிறகு நான்கு வந்தது.
ஒன்பதுவரை போனேன்.
ஹெமி ரேடியோவைக் குறைத்தான்,
பிறகு ஏனோ கூட்டினான்.

செப்டம்பரில்
குட்டி செத்த ஆட்டிடம் தாயற்ற குட்டியைச் சேர்க்க
செத்ததன் தோலை உரித்து
இதற்குச் சட்டையாய் மாட்டுவோம்.
நாலு காலுக்கு நாலு ஓட்டை.
தாய் முகர்ந்து பார்க்கும்,
தன்னுடையது என்று நம்பும்,
மடி கொடுக்கும்.
மூன்றாம் நாள் தோலைக் கழற்றிவிட வேண்டும்,
விட்டால் அழுகும்.

என்னுடையதைக் கழற்ற
யாருக்கும் நினைவு வரவில்லை.
இருபத்தொன்பது வருடம்.
பால் கிடைத்தது, இல்லையென்று சொல்லமாட்டேன்.
அம்மா முகர்ந்து முகர்ந்து வளர்த்த அந்த மகள்
எப்போதாவது உயிரோடு இருந்தாளா,
அதுதான் தெரியவில்லை.

பெயர் மாற்றியதை அப்பாவிடம் போனில் சொன்னேன்.
ஆங்கஸ்.
அந்தப் பக்கம் பால்கறக்கும் இயந்திரத்தின் மூச்சு மட்டும்.
"அது மாட்டுப் பேராச்சே."
மறுபடி இயந்திரம்.
"கறுப்பு மாடு. நல்ல இனம்தான்."
அவரிடமிருந்து அவ்வளவுதான் வரும்.
மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.

ஆட்டைக் கடித்து
மாட்டைக் கடித்து
கடைசியில் மனுசனைக் கடிக்க வந்திருக்கிறது
இந்த ஊசி.
மனுசனை.
இந்த வீட்டுக்கு வெளியே
தயங்காமல் அப்படிச் சொன்னது இது ஒன்றுதான்.

குத்தினேன்.

நினைத்ததைவிட வலி கம்மி.
நினைத்ததைவிட எண்ணெய் சோம்பேறி.
அழுத்தி அழுத்திக் கட்டைவிரல் வெளுத்தது.
எடுத்தபோது ஒரு சொட்டு ரத்தம்,
அவ்வளவுதானா என்று அதுவே கேட்பதுபோல் நின்றது.
மஞ்சள் டப்பாவின் அடியில் ஊசி விழுந்த சத்தம்
பெரிதாகக் கேட்டது.
காலி டப்பா.

ஏதாவது தெரிகிறதா, என்றான் ஹெமி.
பசிக்கிறது, என்றேன்.

வெளியே மோஸ் காத்திருந்தாள்.
அரை மைல் தள்ளி, சரிவின் உச்சியில் நின்றாலும்
என் குரலுக்கு இடம் வலம் திரும்புகிறவள்.
சில மாதத்தில் அது உடையுமாம்.
போன மாதத்திலிருந்தே
சீழ்க்கைக்குப் பழக்கிக்கொண்டிருக்கிறேன் அவளை,
கேட்டால் காற்றுக்காக என்று சொல்லிக்கொண்டு.

கதவைத் திறந்து கூப்பிட்டேன்.
பழைய குரல்தான்,
சற்றுக் கரகரப்பு, சளியாக இருக்கும்.
ஈரத்தோடு வந்தாள்.
பஞ்சு ஒட்டிய தொடையை முகர்ந்தாள்.
வெகுநேரம் முகர்ந்தாள்.
பிறகு சரியாக அந்த இடத்திலேயே
தாடையை வைத்துக் கண்மூடினாள்.

வலிக்கிறது என்று சொல்ல
மனம் வரவில்லை.