பெறப்பட்டது

உம்சின்டோ கோர்ட்டை மூடுகிறார்கள்.
பிரிட்டோரியாவில் யாரோ கையெழுத்திட்டாயிற்று.
வழக்கு குறைவாம்.
எண்ணியது ஏப்ரலில்,
வெள்ளம் பாலத்தைக் கொண்டுபோன மாதம்.

ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளில், எழுத்தில்.
மேல்முறையீடென்றால் டர்பன்:
போக இரண்டு டாக்ஸி, வர இரண்டு.
மாதப்படி தராத பூபாலனைக் கேள்வி கேட்க
நான் ஏறும் படி இது ஒன்றுதான்.
நீதிபதியைக் கேட்டேன்.
தன் நாற்காலியின் வழக்கைத்
தானே விசாரிக்கலாகாது என்றார்.

எழுதிக் கொண்டுபோனேன்.
வாங்க வேண்டியவள்
அதே கோர்ட் குமாஸ்தா, நொம்சா.
இரண்டு முறை படித்தாள்.
முத்திரை மை வற்றியிருந்தது.
ஊதி, அழுத்தி, மறுபடி அழுத்தி
'பெறப்பட்டது' என்று விழவைத்தாள்.

எண்ணிக்கையில் சேருமா என்றேன்.
இது வழக்கில்லையே என்றாள்.
பிறகு
வழக்குப் பேரேட்டை இழுத்து
அடுத்த எண்ணைப் போட்டாள்.