ஐந்துக்குத்தான் இடம்

ருஸ்தாக் பெட்ரோல் பங்கில்
மூன்றாம் பம்பின் கூரை விளக்கைப் பிடித்துத்
தொங்கியது கூட்டம்,
பிழியாத துண்டு மாதிரி.

மருந்து வண்டிக்குச் சொல்லியாயிற்று,
அரை மணியில் வரும் என்றான் ஷஃபீக்.
அரை மணி போதும் எனக்கு.

பிரிண்டர் வந்த அட்டைப்பெட்டி,
கார் துடைக்கும் பிரஷ்,
அத்தர் புட்டியில் சர்க்கரைத் தண்ணீர்.
சுடிதார் கால்களை சாக்ஸுக்குள் திணித்துக்கொண்டு
ஏணியில் ஏறினேன்.
வரிசையில் நின்ற வண்டி ஒன்றுகூட
ஹாரன் அடிக்கவில்லை.

ஒரே உலுக்கு.
கனத்தது பெட்டி.
ஒன்றரைக் கிலோ இருக்கும்.
குறைமாதத்தில் பிறந்தவளை
கண்ணாடிக் கூண்டிலிருந்து எடுத்து
முதன்முதலாய்க் கையில் தந்தார்களே,
அந்த எடை. அதே சூடு.

பாதி என் தோளில், பாதி தரையில்.
ராணி விழுந்தாளா, தெரியாது.
பெட்டியைக் கவிழ்த்து, ஓரத்தில் கல் வைத்து
உட்கார்ந்தேன்.

அட்டை விளிம்பில் ஒருத்தி
வாலை உயர்த்தி விசிறத் தொடங்கினாள்.
பக்கத்தில் இன்னொருத்தி.
அப்புறம் எல்லாம்
நடந்தே உள்ளே போயின.

மருந்து வண்டி ஹிலால்
முகமூடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார்.
தன் வீட்டு மதிலிலும் ஒன்று இருக்கிறதாம்,
வெள்ளிக்கிழமை வரமுடியுமா?

ஏசி எந்திரத்துக்குப் பின்னால்
ஐந்து பெட்டிக்குத்தான் இடம்.
இது ஐந்தாவது.

எத்தனை மணிக்கு, என்றேன்.