கடைசி கேஸ்

உண்மையில் அவள்தான் முதலில் வந்தவள்.
ஆறரைக்கே பாம்பன் ஆஸ்பத்திரி வராந்தாவில்
ஈரச் சேலையோடு உட்கார்ந்திருந்தாள் பூமயில்.
பாதத்தில் பார் வெட்டிய இடம் வாய் திறந்து கிடந்தது.
கச்சான் காற்று கதவை அடித்து அடித்துச் சாத்தியது.

"சார், அஞ்சு வருசமா நான் மாத்திரை சாப்பிடுறேன்"
என்று அவளாகத்தான் சொன்னாள்.
சொல்லாமலும் இருந்திருக்கலாம்.

"இது கடைசி கேஸ்" என்றார் டாக்டர், என்னைப் பார்த்து.

விசைப்படகு வின்ச்சில் புறங்கை பிளந்து வந்தவனை
நம்ம ஆளு என்று தோளில் தட்டி
வெறுங்கையால் பஞ்சை வைத்து அழுத்தினார்.
அவன் ரத்தத்திடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்து, பைக்கிலிருந்து விழுந்த காலேஜ் பையன்.
வெளியே கூட்டம்.
கையுறைப் பெட்டியைத் திறக்க நேரமில்லை.
ஊசிக்குத் திரும்ப மூடி போடக்கூடாது என்பது
பயிற்சியில் முதல் நாள் படித்ததுதான்.
போட்டேன்.
ஆள்காட்டி விரலில் ஒரு துளி.
குழாயில் காட்டிவிட்டு மறந்துபோனேன்.

பதினொன்றரைக்குப் பூமயில்.
இப்போது டாக்டருக்குக் கையுறை இரண்டு, ஒன்றின்மேல் ஒன்று,
ஏப்ரன், முகக்கவசம்,
பிரசவ அறையிலிருந்து தேடி எடுத்துவந்த கண்ணாடி.
உயிரோடிருக்கும் திருக்கையின் வாலைத் தொடுகிறவர்போல
எட்ட நின்று தைத்தார்.
ஐந்து தையல் வேண்டிய இடத்தில் மூன்று.

அவள் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
பத்திலும் கந்தல் துணி சுற்றியது, இன்னும் அவிழ்க்கவில்லை.
"நாங்களும் சுத்திக்கிட்டுத்தான் சார் பாசிக்கு இறங்குறது.
எந்தக் கல்லு வெட்டும்னு தண்ணிக்குள்ள தெரியாதுல்ல.
எல்லாக் கல்லுக்கும் சேத்துத்தான் சுத்துறோம்."

"பேசாம இரும்மா."

கேஸ் ஷீட்டின் தலையில் சிவப்பு மையில் பெரிதாய் எழுதினார்.
கட்டிலின் கால்மாட்டில் தொங்கியது அது.
கூட்டுகிற அக்காவுக்குப் படிக்கத் தெரியாது.
சிவப்புத் தெரியும்.
அந்தக் கட்டிலின் அடியில் மட்டும் விளக்குமாறு போகவில்லை.

நான் நல்லவள் என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு.
அந்தத் தாளைக் கிழித்து
வேறு தாளில் நீல மையில் எழுதி வைத்தேன்.
"போன மாசம் எண்ணிப் பாத்ததுல
கிருமி தெரியவே இல்லைன்னாங்க சிஸ்டர்" என்றாள்.
அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், கொஞ்ச நேரம்,
எல்லாரும் பார்க்க.

சாயங்கால பஸ்ஸில் சின்னப்பாலத்துக்காரி ஒருத்தி
பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.
"பூமயிலுக்கு என்னவாம்?"
"கால்ல வெட்டு."
"கால் வெட்டுக்கா ரெண்டு கிளவுஸு?"

பஸ் பாலத்தில் ஏறியது.
ஒரு பக்கம் வடகடல், ஒரு பக்கம் தென்கடல்.
மண்டபம் வரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.
பாலத்து நீளத்துக்கு ஒரு பதில்.

தையல் பிரிக்க அவள் வரவில்லை.
பிளேடால் தானே பிரித்துக்கொண்டாளாம்.
முயல் தீவுக்குப் போகிற வத்தையில்
ஆள் கூடிப்போச்சு என்று இறக்கிவிட்டார்களாம்.
மரிக்கொழுந்துப் பாசி தீவுப் பக்கம்தான் கிடைக்கும்.
கரையோரம் நின்று கட்டக்கோரை அரிக்கிறாள்,
பாதி விலைக்கு.

விரலில் குத்தியது ஒரு ராத்திரி ஞாபகம் வந்தது.
எங்கள் ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறது நம்பிக்கை மையம்,
மருந்து கொடுக்கும் ஜன்னலை ஒட்டி, ஏழாம் நம்பர் அறை.
அதற்குள் எத்தனை பேரை அனுப்பியிருப்பேன்,
பயப்படாதீங்க, யாருக்கும் தெரியாது என்று சொல்லி.

லீவு போட்டுப் பரமக்குடிக்குப் போனேன்.

பேர் எழுதிக்கொண்ட பெண் என்னைவிட இளையவள்.
"உக்காருங்க, கூப்பிடுறேன்" என்று சிரித்தாள்.

"கூப்பிட வேண்டாம்" என்றேன்.
"கதவுகிட்ட வந்து ஒரு தடவை பாருங்க, போதும்.
நானே வந்துடுறேன்."