தானே

அந்தப் புயலுக்குப் பெயர் தானே.
டிசம்பர் முப்பது, விடியக்காலை.
மறுநாள் எங்கள் செக்‌ஷனில்
நேராக நிற்கிற கம்பம் ஒன்றைக் காட்டச் சொல்லியிருந்தால்
விழித்திருப்போம்.

பத்தொன்பது நாள் வீட்டுக்குப் போகவில்லை.
தேவனாம்பட்டினம், ராமாபுரம்,
வேர் வானம் பார்க்கக் கிடந்த முந்திரிக் காடுகள்.
லாரியில் கம்பம், கம்பத்தின் மேல் நான்.
உச்சியில் நின்று
கீழே ஆள் இல்லாதபோதும் பேசினேனாம்.
இருபதாம் நாள் டார்ச் லைட் நாற்பத்திரண்டு வாங்கி
முதுநகரில் எதிரே வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தேன்.
கோதையின் செயின் அடகுக் கடையில் இருந்தது.
மறுக்கவில்லை. இருட்டாக இருந்தது, கொடுத்தேன்.

மஞ்சக்குப்பத்தில் ஒரு டாக்டர்
ஜெனரேட்டர் இரைச்சலுக்கு மேல் கத்திக் கேட்டார்,
நானும் கத்திப் பதில் சொன்னேன்.
சத்தமாகப் பேசுகிறார் என்று குறித்துக்கொண்டார்.
எட்டு நிமிடம்.
பைபோலார்.

லித்தியம் ஒரு உப்பு என்றார்கள்.
கடலோரத்துக்காரனுக்கு உப்பையா மருந்தாகக் கொடுப்பது
என்று சிரித்தேன்.
அதையும் குறித்துக்கொண்டார்கள்.

பிறகு கை நடுங்கியது. கம்பம் ஏறக் கூடாது என்றார்கள்.
பதின்மூன்று வருடமாக பில் கவுன்டர்.
சில்லறையை எண்ணித் தரும்போது
எதிரில் நிற்பவர்கள் விரலைத்தான் பார்ப்பார்கள்.
மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள்
அலமாரியில் இருந்த டப்பாவைக் கேட்க,
சுகர் மாத்திரை என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

போன மாதம் ஜிப்மரில் புது டாக்டர், நிலோஃபர்.
தடித்த ஃபைலைக் கடைசிப் பக்கத்திலிருந்து
முன்னால் புரட்டி வந்தார்.
இதற்கு முன்பு இப்படி?
இல்லை.
பின்பு?
இல்லை.
பின்பு வராதது மாத்திரையால் இருக்கலாம், என்றார்.
வர ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம்.
எனக்குத் தெரியவில்லை.

அந்த வார்த்தையை ஒரு டாக்டர் வாயிலிருந்து கேட்க
கோரிமேடு வரை பஸ் ஏற வேண்டியிருந்தது.

எனக்கு என் தொழிலில்தான் புரியும்.
மெயினை அணைத்துவிட்டு
ஒயரில் ஷாக் இருக்கிறதா என்று
பதின்மூன்று வருடமாகத் தொட்டுப் பார்க்கிறோம்.

இருதயராஜும் அதே பத்தொன்பது நாள்
அதே லாரியில்தான் இருந்தான்.
இறங்கினான், இரண்டு நாள் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினான்,
எழுந்து மீன்குழம்பு கேட்டான்.
நீ கொஞ்சம் கூடத்தான்டா இருந்தே, என்கிறான் இப்போது,
டீ கிளாஸைச் சுற்றிக்கொண்டே.

கோதை சொல்வது வேறு:
பதினாறாம் நாளே நம்ம தெருவுக்குக் கரண்ட் வந்துடுச்சு.
எல்லாரும் தூங்கினாங்க.

தப்பென்றால் இந்த வருடங்களை எந்தக் கவுன்டரில் கேட்பது,
ரசீது எதுவும் இல்லாமல்?
சரியென்றால், ராத்திரி இரண்டு மணிக்கு
இப்படி யோசித்துக்கொண்டு கிடப்பது எதில் சேரும்?
நோய்தானே என்று சொல்லிப் பார்க்கிறேன்.
குரலைக் கொஞ்சம் தூக்கினால் கேள்வி,
இறக்கினால் முடிந்துபோன விஷயம்.

தானாக நிறுத்தக் கூடாது, என்றார் நிலோஃபர்.
கால் பங்கு குறைத்திருக்கிறார். மாதம் ஒரு ரத்தப் பரிசோதனை.
ஒரு நோட்டில் தினமும்
தூங்கிய நேரம், எழுந்த நேரம், காரணம்.
கோதையும் தனியாக ஒரு நோட்டு எழுத வேண்டும்.
ஒருவர் நோட்டை ஒருவர் பார்க்கக் கூடாது.
அவள் எழுதும் நேரத்தில் நான் மாடிக்குப் போய்விடுகிறேன்.

நேற்று பத்தே முக்காலுக்கு
டிரான்ஸ்ஃபார்மர் ஒரு தடவை இருமி நின்றது.
தெரு மொத்தமும் வாசலுக்கு வந்துவிட்டது.
யாரோ குழந்தைக்கு அட்டையால் விசிறினார்கள்.
மணவாளன் அண்ணே, உங்க ஆபீஸ் நம்பர் சொல்லுங்க என்றார்கள்.
மூன்றரைக்குத்தான் வந்தது.

தூங்கியது: இரண்டு மணி நேரம் என்று எழுதினேன்.
காரணத்தில், தெருவே விழித்திருந்தது என்று எழுதி
போதுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.
உள்ளே, கதவுக்கு அந்தப் பக்கம்,
அவளுடைய பேனா சத்தம் கேட்டது.
என்னுடையதை விட நீளமாக.