இருநூற்றைம்பது சொற்களுக்கு மிகாமல்

தேவாலயத்து நிலவறையில் பயிற்சி வகுப்பு.
வெளியே பூஜ்ஜியத்துக்குக் கீழே இருபத்தாறு.
வட டகோட்டாவின் ஐந்து சிற்றூர்களிலிருந்து
ஏழு நூலகப் பணியாளர்கள்.
மடக்கு நாற்காலிகளில் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தோம்.

ரோஸ்லின் டூப்ரே தன்னை இப்படி அறிமுகம் செய்தாள்:
'ஓர் அறக்கட்டளையில் எட்டு வருஷம்
நிராகரிப்புக் கடிதம் எழுதினேன்.
நான் எழுதிய வருந்துகிறோம்களை அடுக்கினால்
இந்த விட்டத்தைத் தொடும்.'

உங்கள் தேவையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள் என்றாள்.
மார்லிஸ் எழுதினாள்: கூரை ஒழுகுகிறது.
டுவைட் எழுதினான்: நான்கு கணினிகள்.
நான் எழுதினேன்: பணம்.

என்னுடையதைத்தான் உரக்கப் படித்தாள்.
நான் மட்டும் சிரித்தேன்.

'கூரைக்கு யாரும் தரமாட்டார்கள் மார்லிஸ்.
கூரைக்குக் கீழே என்ன நடக்கிறது?'

'வாளி இருக்கிறது' என்றாள் மார்லிஸ்.

'சரி, எத்தனை பேர் வருகிறார்கள்?'
நிறைய.
'நிறைய என்பது எண் அல்ல.'

அதனால் எண்ணத் தொடங்கினேன்.
திருப்பித் தரும் தேதிச் சீட்டுகளின் பின்பக்கத்தில்
நான்கு நிற்கும் கோடு, குறுக்கே ஒன்று.
செவ்வாய்க்கிழமை முப்பத்தொரு பேர்.
அதில் நால்வர் கழிப்பறைக்கு மட்டும் வந்தவர்கள்.
அவர்களைச் சேர்க்கலாமா என்று தொலைபேசியில் கேட்டேன்.
'கதவைத் திறந்துதானே வந்தார்கள்?
சேர்.'

வியாழன் இரவு, மறந்த சாவிக்காகத் திரும்பிப் போனேன்.
மணி ஒன்பது. பூட்டிய நூலகம்.
வாகன நிறுத்தத்தில் ஒரு பழைய பிக்கப்,
இயந்திரம் ஓடிக்கொண்டிருக்க,
உள்ளே வெர்னன் அஸ்யூரின் முகம்
கைப்பேசி வெளிச்சத்தில் நீலமாக.
எங்கள் வைஃபை சுவரைத் தாண்டி
அங்கே வரைக்கும்தான் எட்டுமாம்.
மனைவியின் டயாலிசிஸ் படிவம், பன்னிரண்டாம் பக்கம்.

'இதோ கிளம்பிட்டேன்' என்றார்,
நான் எதுவும் சொல்வதற்கு முன்பே.

மறுநாள் இரவு வேண்டுமென்றே போனேன்.
ஐந்து வண்டிகள்.
புகைபோக்கிகளில் ஐந்து வெண்மூச்சு.
இவர்கள் எந்தக் கதவையும் திறக்கவில்லை.
என் சீட்டில் இவர்களுக்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் கோடு போட்டேன்,
கையுறை கழற்றி, விரல் மரத்து.

பிறகு, வரவுசெலவுப் பக்கம்.
'விண்ணப்பிப்பவர் பங்கு' என்றொரு வரி.
ஊராட்சி கையை விரித்துவிட்டது.
'உன் நேரமும் பணம்தான்' என்றாள் ரோஸ்லின்.
எழுபத்திரண்டு மணி நேரம், மணிக்குப் பதினான்கு டாலர்.
என் பனிக்கால ஞாயிறுகள் மொத்தமாக
ஆயிரத்தெட்டு டாலர்.
அவற்றுக்கு விலை உண்டென்று
அதுவரை நானே நினைத்ததில்லை.

நான் எழுதியதில் தயவுசெய்து மூன்று இடத்தில் வந்தது.
மூன்றையும் அடித்தாள்.
'பிச்சையா கேட்கிறோம்?
அவர்களிடம் பணம் இருக்கிறது, வேலை இல்லை.
நம்மிடம் வேலை இருக்கிறது.
சம்பந்தம் பேசப் போகிறோம், அவ்வளவுதான்.'

அடித்ததில் மிச்சமான மூன்று சொற்களை
வெர்னனுக்குக் கொடுத்தேன்.
பெயர் இல்லாமல்: 'ஒருவர், பிக்கப்பில், இரவில்.'
நான்காகிவிட்டது.
வேறெங்கோ ஒரு 'மிகவும்' போனது.

கடைசி நாள் வெள்ளி, மாலை ஐந்து.
நாலு நாற்பத்தொன்றுக்கு அனுப்பினேன்.
திரையில் அந்த வட்டம் சுற்றியது, சுற்றியது,
மார்லிஸ் பின்னால் நின்று என் தோளை அழுத்தினாள்,
வாளியில் சொட்டு விழுந்தது.
பெற்றுக்கொண்டோம் என்று வந்தது.
பெற்றுக்கொண்டது தாளை. மற்றதெல்லாம் ஜூனில்.

இப்போது பிப்ரவரி.
டுவைட் ஏணி கொண்டுவந்து
வைஃபை பெட்டியை ஜன்னல் மேல் மாட்டினான்.
இதற்கு எவரிடமும் விண்ணப்பிக்கவில்லை.
இன்னும் இரண்டு வரிசை தள்ளி எட்டுகிறது.
நேற்று ஏழு வண்டிகள்.

போகும்போது வாசல் விளக்கை அணைக்காமல் விடுகிறேன்.
வரவுசெலவில் அந்த விளக்கு இல்லை.